குருவே: நமூலி மலையடியில் ஒரு தேயிலை ஊர் (மொசாம்பிக்)

நடைவண்டி | 7 ஜூலை 2024, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். மொசாம்பிக்கின் நக்காலா துறைமுகத்தில் வேலைக்கு வந்து இரண்டு வருஷம் முடியப்போகிறது. வந்த முதல் மாதத்திலேயே கூட வேலை பார்ப்பவர் ஒருவர், "எங்கள் ஊருக்கு ஒரு தடவை வாருங்கள், எங்கே திரும்பினாலும் தேயிலைதான்" என்று சொல்லியிருந்தார். போன மாதம்தான் வாய்த்தது. ஜூன் 25 இங்கே சுதந்திர தினம். அதோடு சில நாள் லீவு சேர்த்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஊரின் பேர் குருவே. ஊர்க்காரர்கள் சொல்லும்போது நம் காதில் அப்படியே "குருவே" என்றுதான் விழுகிறது. சாம்பேசியா மாகாணத்தின் வடக்கே, கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. ஊருக்கு மேலே நமூலி மலை, உயரம் 2,419 மீட்டர். நாட்டில் இரண்டாவது உயரமான மலை. முதலாவது ஜிம்பாப்வே எல்லையில் உள்ள பிங்கா. அது இதைவிட 17 மீட்டர்தான் கூடுதல்.

போகும் வழி: நம்பூலா நகரத்திலிருந்து விடியற்காலை 4 மணிக்கு ஷாப்பா கிளம்புகிறது. ஷாப்பா என்றால் இங்கத்திய மினி பஸ். 15 பேர் ஏறும் வண்டியில் 22 பேர், காலடியில் இரண்டு கோழி. ஆல்ட்டோ மொலோக்குவே தாண்டி நம்பேவோ என்ற பிரிவில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்ப வேண்டும். வழியெல்லாம் மண்ணிலிருந்து திடீரென்று கிளம்பி நிற்கும் ஒற்றைப் பாறைக் குன்றுகள், பானையைக் கவிழ்த்து வைத்தது போல. பிரிவு தாண்டி ஒரு மணி நேரத்தில் டயர் வெடித்தது. ஸ்டெப்னியும் காற்றில்லாமல் கிடந்ததால் மூன்று மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டு அம்மா சுட்ட மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து கொடுத்து, காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஊரை நெருங்கும்போது பச்சை மாறுகிறது. சோளக்கொல்லைப் பச்சை போய், வெட்டிச் சீவிய தேயிலைப் பச்சை. அதற்குப் பின்னால் கறுத்த பாறைச் சுவர்.

மறுநாள் ஊர்ப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு தோட்டங்களின் ஊடாக அருவிக்கு நடந்தேன். லிக்குங்கோ ஆறு இந்த மலைப்பக்கம்தான் பிறக்கிறது. அருவியைவிட என்னை நிறுத்தி வைத்தது வழியில் பார்த்த தேயிலைதான். ஒரு பக்கம் இடுப்பளவு வெட்டி நிறுத்திய தோட்டம், கொழுந்து எடுக்கிறார்கள். பாதைக்கு அந்தப் பக்கம் அதே தேயிலை மரமாகி நிற்கிறது. 20, 30 அடி. தண்டில் பாசி, கிளைகளில் கொடி, கீழே வெள்ளைப் பூ உதிர்ந்து கிடக்கிறது. தேயிலை பூக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வரிசை வரிசையாக நட்ட ஒழுங்கு இன்னும் மாறவில்லை என்பதால் காடாகவும் இருக்கிறது, தோட்டமாகவும் இருக்கிறது. அவ்வளவு அழகு. கூரையில்லாத பழைய ஃபேக்டரி ஒன்றும் பார்த்தேன். அங்கே முன்பு வேலை பார்த்த பெரியவர் ஒருவரைப் படம் எடுத்தேன். பின்னால் சுவர் முழுக்கக் கொடி. நான் எடுத்ததில் நல்ல படம் அதுதான்.

நமூலி உச்சிக்குப் போக முடியவில்லை. அதைத் தனியாக எழுதுகிறேன். கேள்வி இருந்தால் கேளுங்கள்.


மழைக்காலம் | 7 ஜூலை 2024, இரவு 10.25

நன்றி சகோ. நானும் என் கணவரும் அடுத்த வருஷம் மொசாம்பிக் வருவதாக இருக்கிறோம், அவருக்கு பெய்ராவில் ஆறு மாத வேலை. மலைப்பக்கம் ஏதாவது போகலாமா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

சில கேள்விகள். எந்த மாதம் நல்லது? பெண்கள் ஊருக்குள் தனியாக நடக்கலாமா? நான் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது? மலேரியா எப்படி?


தென்திசை | 8 ஜூலை 2024, காலை 7.02

நல்ல பதிவு. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். தேயிலை பார்க்கத்தான் ஆசை என்றால் இவ்வளவு பாடுபட்டு குருவே போக வேண்டியதில்லை. கென்யாவில் கெரிச்சோ இருக்கிறது, நல்ல தார் ரோடு. மலாவியில் தியோலோ, முலாஞ்சே. நான் மலாவியின் பிளான்டயர் நகரத்தில் ஐந்து வருஷம் இருந்தேன். அங்கிருந்து காலையில் காரில் கிளம்பினால் தியோலோ தோட்டங்களைப் பார்த்துவிட்டு, முலாஞ்சே மலையடியில் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். முலாஞ்சேயின் சபித்வா சிகரம் 3,002 மீட்டர், நமூலியைவிட உயரம். மலைமேல் தங்கக் குடிசைகள் உண்டு.

ஆப்பிரிக்காவில் வணிகத்துக்காகத் தேயிலை வளர்த்த முன்னோடி இடங்களில் ஒன்றும் அதுதான், 1891-இல். முலாஞ்சே பக்கம் அதைத் தொடங்கிய ஹென்றி பிரவுன் என்பவர் இலங்கையில் காப்பித் தோட்டம் நோயில் அழிந்தபின் கிளம்பி வந்தவர். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.


கொழுந்துக்கூடை | 8 ஜூலை 2024, மாலை 6.48

நடைவண்டி தம்பி, நான் இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா, அம்மம்மா எல்லோரும் கொழுந்து எடுத்தவர்கள். உங்கள் பதிவில் அந்த மரமாகிப்போன தேயிலை என்னை என்னவோ செய்துவிட்டது.

சில வருஷத்துக்கு ஒரு தடவை கவ்வாத்து வெட்டினால்தான் தேயிலை செடியாக இருக்கும். வெட்டாமல் விட்டால் சில வருஷத்தில் ஆள் உயரம் தாண்டும், அப்புறம் கை எட்டாது, பிறகு கொழுந்தும் வராது, பூவும் காயும்தான். 30 அடி என்றால் எத்தனை வருஷம் அந்த மலையில் கத்தி படவில்லை என்று எண்ணிப் பார்த்தேன். கத்தியும் கூடையுமாக இருந்த சனம் எங்கே போனது என்பதுதான் எனக்கு முதலில் வந்த கேள்வி.

அங்கே கொழுந்து எடுப்பது பெண்களா? லயம், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள், உண்டா? நிறுத்துப் போட்டுச் சம்பளமா, நாள் சம்பளமா?


நடைவண்டி | 8 ஜூலை 2024, இரவு 10.05

முதலில் மழைக்காலம்.

மே முதல் செப்டம்பர் வரை போங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல மழை, மண் ரோடெல்லாம் சேறு. 2015 ஜனவரியில் லிக்குங்கோ பெருகி மொக்கூபா பாலத்தையே உடைத்துக்கொண்டு போனது. மின்கோபுரங்களும் சாய்ந்து வடக்கு மாகாணங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தனவாம். நக்காலாவில் இன்றும் அதைச் சொல்லித்தான் மழைக்கு முன் மெழுகுவத்தி வாங்குகிறார்கள். ஜூன், ஜூலையில் இரவு நல்ல குளிர், ஸ்வெட்டர் வேண்டும்.

பகலில் ஊருக்குள் நடக்கப் பயமில்லை. தோட்டத்துக்கும் அருவிக்கும் மட்டும் உள்ளூர் ஆள் இல்லாமல் போகாதீர்கள். பாதைகள் பிரிந்து பிரிந்து போகின்றன, இரண்டு தடவை நாங்களே திரும்பி வந்தோம்.

சாப்பாடு: ஷிமா, அதாவது வெள்ளைச் சோளமாவுக் களி. தொட்டுக்கொள்ள பீன்ஸ் குழம்பு, கீரை. மத்தாப்பா என்று மரவள்ளி இலையை இடித்து நிலக்கடலையும் தேங்காய்ப்பாலும் விட்டுச் செய்வார்கள், அருமையாக இருக்கும். ஆனால் சில இடங்களில் இறால் போடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் சுடச்சுட ரொட்டி. ஷமூசா எங்கேயும் கிடைக்கும், பெரும்பாலும் கறி வைத்தது.

மலேரியா நாடு முழுக்க உண்டு. டாக்டரிடம் கேட்டுத் தடுப்பு மாத்திரை எடுத்துக்கொண்டு வாருங்கள். எத்தியோப்பியா, கென்யா வழியாக விமானம் என்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டையைக் கையில் வைத்திருங்கள். கையில் பணம் நிறைய வைத்துக்கொள்ளுங்கள், ஏடிஎம் வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம்.

தென்திசை அண்ணா, மலாவி வசதி என்பதை ஒத்துக்கொள்கிறேன். நான் போனது தேயிலையைப் பார்க்க மட்டும் இல்லை.

கொழுந்துக்கூடை அக்கா, நான் பார்த்த கொழுந்துக்காரர்களில் ஆண்கள்தான் நிறைய. முதுகில் கூடை, இடுப்பில் பிளாஸ்டிக் விரிப்பு. ஒரு நாளுக்கு இவ்வளவு கிலோ என்று ஓர் அளவு உண்டு, அதை "தாரேஃபா" என்கிறார்கள். அதை முடித்தால்தான் நாள் கணக்கு. லயம் நான் பார்க்கவில்லை. சுற்றுக் கிராமங்களிலிருந்து நடந்து வருகிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தமாக "மஷாம்பா", அதாவது கொல்லை, இருக்கிறது. சோளம், மரவள்ளி, துவரை. நவம்பரில் மழை தொடங்கினால் கொல்லையில் விதைக்கப் போய்விடுவார்களாம். கொழுந்து அடித்துக்கொண்டு வருவதும் அந்த மழையில்தான். அந்த நேரத்தில் ஆள் கிடைக்காமல் கங்காணிகள் கிராமம் கிராமமாக அலைவார்கள் என்றார் நான் படம் எடுத்த பெரியவர்.


கொழுந்துக்கூடை | 9 ஜூலை 2024, காலை 5.55

சொந்தக் கொல்லை. எங்கள் சனத்துக்கு அது ஒன்றுதான் இல்லாமல் போனது தம்பி. வேலை இல்லாவிட்டால் வீடும் இல்லை என்று லயத்திலேயே கட்டிப்போட்டார்கள். விதைக்கிற நாளில் தோட்டத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிற தொழிலாளியை என்னால் கற்பனை செய்யவே முடியவில்லை.


பழைய ஏடு | 9 ஜூலை 2024, பகல் 1.30

நடைவண்டியின் பதிவு பிடித்தது. ஆனால் "அவ்வளவு அழகு" என்ற இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அக்கா கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்: சனம் எங்கே போனது?

குருவேயின் தோட்டங்கள் 1930களில் பெருகியவை. போர்த்துகீசியர் காலத்தில் ஊரின் பேர் வில்லா ஜுன்கெய்ரோ, தேயிலை முதலாளி ஒருவரின் பேர் அது. காட்டை வெட்டி நட்டவர்கள் பெரும்பாலும் அந்தப் பகுதியின் லோம்வே இன மக்கள், அதில் ஏராளமானோர் "சிபாலோ" என்ற கட்டாய வேலைக்குப் பிடித்து வரப்பட்டவர்கள். வேலை செய்ததற்கான அத்தாட்சி கையில் இல்லாத ஆண்பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லி இழுத்துக்கொண்டு போகச் சட்டமே இருந்தது. 1960களின் தொடக்கம் வரை.

அதற்குப் பயந்து லோம்வே குடும்பங்கள் எல்லை தாண்டி ஓடின. எங்கே? தென்திசை சொன்ன அதே தியோலோ, முலாஞ்சேவுக்கு. அங்கே ஆங்கிலேயத் தோட்டங்கள். குடியிருக்க நிலம் வேண்டுமென்றால் வாடகைக்குப் பதில் உடலுழைப்பு, அதன் பேர் "தங்காத்தா". அவர்களை "அங்குரு" என்று இளப்பமாகக் கூப்பிட்டார்கள். 1915-இல் ஜான் சிலெம்ப்வே என்ற மலாவிப் போதகர் வெள்ளைத் தோட்ட முதலாளிகளை எதிர்த்துக் கிளம்பியபோது அவர் பக்கம் நின்றவர்களில் இப்படி வந்த லோம்வேக்கள் நிறைய. பின்னாளில் மலாவியின் அதிபரான பிங்கு வா முத்தாரிகாவும் லோம்வேதான். ஆக, தார் ரோடு போட்ட தியோலோவும் எட்டாத குருவேயும் ஒரே மக்களின் கையால் ஆனவை. இரண்டில் எது நல்லது என்று சண்டை போட வேண்டியதில்லை.

1975-இல் விடுதலை. போர்த்துகீசியர்கள் கூட்டமாகக் கிளம்பினார்கள். தோட்டங்களை அரசு எடுத்து எமோஷா என்ற நிறுவனத்தின் கீழ் வைத்தது. அதன் பிறகு ரெனாமோ கிளர்ச்சிப் படைக்கும் ஃப்ரெலிமோ கட்சியின் அரசுக்கும் நடந்த போர் 80களில் சாம்பேசியாவுக்குள் புகுந்தது. ஃபேக்டரிகள் எரிந்தன, ரோடுகள் அறுந்தன, சனம் மறுபடி மலாவிக்கு ஓடியது. 1992 அக்டோபரில்தான் ரோமில் சமாதான ஒப்பந்தம். அதற்குள் ஆப்பிரிக்காவின் முன்வரிசைத் தேயிலை நாடுகளில் ஒன்றாக இருந்த மொசாம்பிக்கில் தேயிலை ஏறக்குறைய இல்லை என்றாகிவிட்டது.

நீங்கள் பார்த்த 30 அடி மரம் அந்த வருஷங்களின் உயரம். கூரையில்லாத ஃபேக்டரி தானாக இடிந்ததில்லை. கொடி படர்ந்த சுவரைப் பின்னால் வைத்து அந்தப் பெரியவரைப் படம் எடுத்தீர்களே, அவர் அங்கே என்ன வேலை பார்த்தார் என்று நீங்கள் எழுதவில்லை. வருத்தப்பட வேண்டாம், கேட்கத் தோன்றியது.


தென்திசை | 9 ஜூலை 2024, மாலை 4.12

பழைய ஏடு சொல்வதை ஏற்கிறேன். பிளான்டயரில் எங்கள் வீட்டுக்குக் காவல் இருந்தவர் லோம்வே. அவர் தாத்தா "மலைக்கு அந்தப் பக்கம்" இருந்து வந்தவர் என்பார். அந்தப் பக்கம் என்றால் எது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இன்னொன்று ஞாபகம் வருகிறது. மே முதல் ஆகஸ்ட் வரை தியோலோ, பிளான்டயர் பக்கம் நாள்கணக்கில் பனிமூட்டமும் தூறலுமாக இருக்கும். அதன் பேர் "சிப்பரோனி". மொசாம்பிக்கில் சாம்பேசியா பக்கமுள்ள சிப்பரோனே மலையின் பேர்தான் அது. தூறல் அந்தத் திசையிலிருந்து வருவதால் அந்தப் பேர். தேயிலைக்காரர்கள் அதைக் கொண்டாடுவார்கள். மழையில்லாத மாதங்களில் செடிக்குக் கிடைக்கும் ஈரம் அதுதானே.


நடைவண்டி | 9 ஜூலை 2024, இரவு 11.20

பழைய ஏடு, வருத்தமில்லை. நீங்கள் கேட்டது சரி. நான் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

அவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். பையன் வேலையாகவே சேர்ந்தவர். வாட்டிய இலையை உருட்டும் ரோலர் மெஷினில் பல வருஷம் நின்றிருக்கிறார். கூரை போய்விட்டது, சுவர் பாதி நிற்கிறது, அந்த ரோலரின் அடிப்பீடம் மட்டும் தரையோடு பிணைத்தபடி துருவேறி இருக்கிறது. அதன்மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றிக் காட்டினார், எந்தப் பக்கம் சுற்றும், எவ்வளவு நேரம், எப்போது இலையின் வாசம் மாறும் என்று. போர் வந்த இரவில் என்ன நடந்தது என்று கேட்டேன். "எல்லோரும் மலைமேல் ஏறினோம்" என்று மட்டும் சொன்னார். பிறகு மறுபடி ரோலரைப் பற்றியே பேசினார். எனக்கு அது அப்போது புரியவில்லை. நான் சுவரையும் கொடியையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்தை அச்சுப் போட்டுக் கொண்டுவந்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். எப்போது மறுபடி போவேன் என்று தெரியவில்லை.

சரி, நமூலிக் கதை. லோம்வே மக்களுக்கு மனிதர்கள் பிறந்த இடமே நமூலிதான். அதனால் கேட்காமல் ஏற முடியாது. ஊரிலிருந்து வழிகாட்டியோடு தோட்டங்களைத் தாண்டி, மேட்டு நிலத்தில் உள்ள முக்குன்யா என்ற கிராமத்துக்கு ஒரு நாள் நடை. அங்கே "ராணி" என்று மரியாதையாகச் சொல்லப்படும் மூத்த அம்மா ஒருவர் இருக்கிறார். மாவு, குடிக்க ஏதாவது, கொஞ்சம் பணம் கொண்டுபோக வேண்டும். மரத்தடியில் உட்கார்ந்து மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி முன்னோர்களிடம் இன்னார் வந்திருக்கிறார் என்று சொல்கிறார்கள். "மக்கேயா" என்று அந்தச் சடங்குக்குப் பேர். என் பேரை மூன்று தடவை கேட்டார்கள், சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக.

எல்லாம் ஆனபின், மேகம் இறங்கியிருக்கிறது, நாளைக்கு வேண்டாம், ஒரு நாள் இருந்து போ என்றார்கள். எனக்கு லீவு இல்லை. திரும்பிவிட்டேன்.


குன்றேறி | 10 ஜூலை 2024, காலை 8.40

பணமும் பொருளும் வாங்கிக்கொண்டு ஏற வேண்டாம் என்று சொன்னதை எப்படி ஏற்றுக்கொண்டீர்கள்? எனக்கு இது நுழைவுச்சீட்டு மாதிரிதான் தெரிகிறது. மலை எல்லோருக்கும் பொது. நானாக இருந்தால் காலையில் எழுந்து ஏறியிருப்பேன்.


பறவைக்காதலன் | 10 ஜூலை 2024, காலை 11.15

குன்றேறி, அப்படிச் செய்யாதீர்கள். நமூலியின் மேல்பகுதி செங்குத்தான கருங்கல் பாறை, நடுநடுவே புல் கொத்து. ஈரமாக இருந்தால் பிடிப்பு கிடைக்காது. மேகம் இறங்கியிருக்கிறது, இரு என்று அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் சொன்னால் கேட்பதுதான் நல்லது. அதற்கு வழிபாட்டில் நம்பிக்கை வேண்டும் என்பதுகூட இல்லை.

நான் ஆறு வருஷத்துக்கு முன் பறவை பார்க்க அங்கே போனேன். நமூலி அபாலிஸ் என்று ஒரு சின்னப் பறவை, மொசாம்பிக்கின் வடக்கு மலைகளை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. மூன்று நாள் முக்குன்யாவில் தங்கினேன், இரண்டாம் நாள் காட்டோரத்தில் கிடைத்தது. அந்தக் காடு குறைந்துகொண்டே வருகிறது. மேட்டு நிலத்தில் உருளைக்கிழங்கு நன்றாக விளைகிறது, கீழே நல்ல விலை, அதனால் காட்டோரமாக எரித்து எரித்து உள்ளே போகிறார்கள். அந்த மக்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. வேறு காசுப் பயிர் அந்தக் குளிரில் என்ன இருக்கிறது? ஆனால் நமூலிக் காடு போனால் அந்தப் பறவைக்குப் பெரிய புகலிடம் போயிற்று.

ஆர்வமுள்ளவர்களுக்கு இன்னொன்று: தெற்கே மாபு மலை. 2005 வாக்கில் ஜூலியன் பேலிஸ் என்ற ஆய்வாளர் செயற்கைக்கோள் படத்தில் கவனித்து, பிறகு போய்ப் பார்த்து வெளியுலகுக்குச் சொன்ன பெருங்காடு. சுற்றி இருப்பவர்களுக்கு அது எப்போதும் தெரியும். போர்க்காலத்தில் அவர்கள் ஒளிந்து பிழைத்ததே அதற்குள்தான். அதன் அடிவாரத்திலும் கைவிட்ட தேயிலைத் தோட்டம் உண்டு.


கொழுந்துக்கூடை | 10 ஜூலை 2024, இரவு 7.30

குன்றேறி தம்பி, எங்கள் பக்கம் சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் சீசன் பார்த்துத்தான் ஏறுவார்கள். மழைக்காலத்தில் ஏறிவிட்டு வந்து வீரம் பேசினால் பெரியவர்கள் முகம் கொடுக்க மாட்டார்கள். அங்கேயும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளுங்களேன்.

நடைவண்டி, பாஷைக்கு என்ன செய்தீர்கள்?


நடைவண்டி | 10 ஜூலை 2024, இரவு 10.50

அக்கா, மலையில் லோம்வே, ஊருக்குள் போர்த்துகீசியம். வழிகாட்டி லோம்வேயைப் போர்த்துகீசியமாக்குவார், நான் மனதுக்குள் தமிழாக்கிக்கொள்வேன்.

போர்த்துகீசியம் உங்களுக்கு என்னைவிட எளிதாக வரும். இங்கே வந்த புதிதில் வீட்டுக்காரம்மா சாவியை "ஷாவி" என்றும் ஜன்னலை "ஜனேலா" என்றும் மேசையை "மேசா" என்றும் சொன்னபோது ஆடிப்போனேன். நம் வீட்டுக்குள் 400 வருஷமாக இருக்கும் சொற்கள். அப்புறம் என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து நண்பர், "குசினி, சப்பாத்து, துவாய், அலவாங்கு எல்லாம் இதிலிருந்துதான்" என்று பட்டியலே போட்டார். டீக்கு இங்கே "ஷா".

இன்னொரு விஷயம், இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். குருவே சுற்றுவட்டாரம் முழுக்கத் துவரை. "ஃபெய்ஜாவ் போயர்" என்கிறார்கள். சோளத்துக்கு நடுவே நடுகிறார்கள். நான் போனபோது காய் பிடித்திருந்தது. இதில் பெரும்பங்கு இந்தியாவுக்குத்தான் வருகிறது. 2016 ஜூலையில் இந்தியாவும் மொசாம்பிக்கும் பருப்பு வாங்க ஒப்பந்தம் போட்டன, முதல் ஆண்டு ஒரு லட்சம் டன், ஐந்தாம் ஆண்டில் இரண்டு லட்சம் டன்னாக ஏறும்படி. அந்த நம்பிக்கையில் எல்லோரும் துவரை போட்டார்கள். 2017-இல் நம் ஊரிலும் விளைச்சல் கூடியதால் இந்தியா இறக்குமதிக்கு உச்சவரம்பு வைத்தது. இங்கே விலை அதலபாதாளத்துக்குப் போய்விட்டது, மூட்டை மூட்டையாக வீட்டிலேயே கிடந்ததாம். நான் இந்தியன் என்று தெரிந்ததும் முக்குன்யா வழியில் ஒரு விவசாயி கேட்ட முதல் கேள்வி: "இந்த வருஷம் வாங்குவீர்களா?" அவரிடம் என்ன சொல்வது? என் அம்மா வைக்கும் சாம்பாரில் அவர் பருப்பு இருந்திருக்கலாம் என்று சொன்னேன். சாம்பார் என்றால் என்ன என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். பச்சைக் காயை உரித்து வேகவைத்துத் தின்பதுதான் எங்களுக்குத் தெரியும், பருப்பாக உடைத்தா தின்பீர்கள் என்று ஆச்சரியப்பட்டார்.


பழைய ஏடு | 11 ஜூலை 2024, காலை 9.00

இந்தத் துவரைச் செய்திக்கு மிக்க நன்றி. தேயிலையில் அந்த மண்ணுக்கு விலை வைத்தவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். துவரையில் அந்த இடத்தில் நாம் இருக்கிறோம். இதை இதுவரை நான் யோசித்ததில்லை.


மழைக்காலம் | 2 டிசம்பர் 2024, மாலை 5.15

பழைய இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். அக்டோபர் தேர்தலுக்குப் பின் நடக்கும் போராட்டங்களைப் பார்த்து எங்கள் பயணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறோம். நடைவண்டி, நீங்கள் நலமா?


நடைவண்டி | 3 டிசம்பர் 2024, இரவு 9.45

நலம் அக்கா. நம்பூலா ரோட்டில் அடிக்கடி டயர் எரிக்கிறார்கள், நாங்கள் வெளியே போகாமல் இருக்கிறோம். இப்போது வராதீர்கள். அடங்கியபின் சொல்கிறேன். வடகோடி காபோ டெல்காடோவில் 2017 முதல் நடக்கும் சண்டை வேறு விஷயம், அது குருவேயிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி. இருந்தாலும் கிளம்பும் வாரத்தில் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.


மழைக்காலம் | 22 ஜூன் 2025, இரவு 8.20

போய் வந்துவிட்டோம்! பெய்ராவிலிருந்து கெலிமானே, அங்கே ஒரு இரவு, மறுநாள் மொக்கூபா வழியாக குருவே. நம்பேவோவுக்கு அப்புறம் ரோடு நடைவண்டி சொன்னது போலத்தான்.

முக்குன்யாவில் இரண்டு இரவு தங்கினோம். அவசரமில்லை, எத்தனை நாளானாலும் இருக்கிறோம் என்று வழிகாட்டியை முதலிலேயே சொல்லச் சொன்னோம். ராணியம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். மாவு தூவும்போது என் பேரோடு என் அம்மா பேரையும் கேட்டார்கள். இரண்டாம் நாள் வானம் வெளுத்தது, ஏறினோம். பாறைப் பகுதியில் நான் நின்றுவிட்டேன், கணவர் மட்டும் உச்சிக்குப் போனார். நான் நின்ற இடத்திலிருந்தே தேயிலை முழுக்கத் தெரிந்தது. வெட்டிய பச்சை ஒரு நிறம், மரமான பச்சை ஒரு நிறம், இடையில் புதிதாகப் போட்ட மக்கடேமியா கொட்டை மர வரிசைகள் ஒரு நிறம். எது எத்தனை காலம் என்று மேலிருந்து பிரித்துச் சொல்ல முடிகிறது.

அப்புறம் நடைவண்டி மெயிலில் அனுப்பியிருந்த படத்தை பெய்ராவிலேயே அச்சுப் போட்டு எடுத்துப்போயிருந்தேன். ஃபேக்டரிப் பக்கம் கேட்டால் எல்லோருக்கும் அவரைத் தெரிகிறது. வீட்டுத் திண்ணையில் இருந்தார். படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார், மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு வழிகாட்டியிடம் ஏதோ சொன்னார். ரோலர் ஏன் இதில் இல்லை என்று கேட்கிறாராம்.


நடைவண்டி | 22 ஜூன் 2025, இரவு 11.05

இருக்கிறது அக்கா. அவர் கையை அதன்மேல்தான் வைத்திருந்தார். கொடியும் முகமும் போதும் என்று கீழ்ப்பாதியை நான்தான் வெட்டிவிட்டேன். முழுப் படம் என்னிடம் இருக்கிறது. ஆகஸ்டில் லீவு கேட்டிருக்கிறேன், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.